நஷ்டமும் உத்திஷ்டமும்: குலங்களைக் கண்டறிந்த கணக்கின் கதை

செம்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டியின் அரங்கில் ஒருநாள் மாலைக் கச்சேரி. பாடகர் கல்யாணியில் கற்பனை ஸ்வரம் பாடிக்கொண்டிருந்தார். நான்கு ஸ்வரங்களை எடுத்துக்கொண்டு அவற்றை முன்பின்னாக மாற்றி மாற்றி அடுக்கினார்; மிருதங்கம் அவரைத் தொடர்ந்து ஓடியது. என் பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருந்த பெரியவர் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். கணக்குத் தணிக்கையாளராக முப்பத்தைந்து ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். தாளத்தை எண்ணுகிறார் என்றே முதலில் நினைத்தேன். இடைவேளையில் அவர் கேட்ட கேள்வி வேறாக இருந்தது. “ஸார், இவர் நாலு ஸ்வரத்தை வைத்துக்கொண்டு இத்தனை நேரம் மாற்றிப் பாடினாரே, ஏதாவது ஒரு வரிசை விட்டுப் போயிருக்குமோ? இல்லை, ஒரே வரிசை இரண்டு தடவை வந்திருக்குமோ? அதைக் கண்டுபிடிக்க வழி உண்டா?” என்றார்.

விடுபட்டது உண்டா, இருமுறை எழுதப்பட்டது உண்டா என்பவை தணிக்கையாளருக்கு இயல்பாக எழும் கேள்விகள். கடந்த நூற்றெழுபது ஆண்டுகளாகக் கணித அறிஞர்கள் ‘முடிவுறு குலங்கள்’ என்னும் பொருளைப்பற்றிக் கேட்டுவரும் கேள்விகளும் இவையே. அக்கதையின் ஒரு தொடக்கம் மும்பைக்குத் தொலைவில் இல்லாத ஓர் ஊரில் இருக்கிறது என்பதை எண்ணியே, அப்பெரியவருக்குச் சொன்ன விடையைச் சற்று விரித்து இங்கே நேயர்களுக்குச் சொல்ல முற்பட்டேன்.

மராட்டிய நாட்டில் தௌலதாபாத் கோட்டை இருக்கிறதல்லவா? அதன் பழம்பெயர் தேவகிரி. 13-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் யாதவ மன்னன் சிங்கணன் அங்கிருந்து ஆண்டான். அவனுடைய அரண்மனையில் கணக்கு அலுவலின் தலைவராக இருந்தவர் சார்ங்கதேவர். அவருடைய பாட்டனார் பாஸ்கரர் காஷ்மீரத்தை விட்டுத் தெற்கே வந்து குடியேறியவர். தந்தையார் சோடலர் யாதவ அரசில் பணி புரிந்தவர். பிழைப்பை நாடி வேற்று நாட்டில் வேரூன்றிய குடும்பத்தின் மூன்றாம் தலைமுறை, தொழில் கணக்கு, உள்ளம் முழுதும் சங்கீதம். இப்படிப்பட்ட ஒருவரை மாதுங்காவிலோ செம்பூரிலோ நாம் சந்தித்ததில்லை என்று சொல்ல முடியுமா? அவர் இயற்றிய ‘சங்கீத ரத்நாகரம்’ இந்திய இசையின் இருபெரும் மரபுகளுக்கும் மூலநூலாகப் போற்றப்படுவது. சென்னை அடையாறு நூலகம் அதனை உரைகளுடன் 1943 முதல் பகுதி பகுதியாக அச்சிட்டு வெளியிட்டது.

அந்நூலில் ஸ்வரப் பிரஸ்தாரம் என்றொரு பகுதி உண்டு. பிரஸ்தாரம் என்றால் விரித்து வைத்தல். குறிப்பிட்ட ஸ்வரங்களை ஒவ்வொன்றும் ஒருமுறையே வரும்படி எத்தனை விதமாக அடுக்கலாமோ அத்தனையையும் ஒன்றுவிடாமல் எழுதிக் காட்டுவது. மூன்று ஸ்வரமானால் 6 வரிசை, நான்கானால் 24, ஏழானால் 5040. ஒரு வரிசையைப் பாட மூன்று விநாடி என்று வைத்துக்கொண்டாலும், ஏழு ஸ்வரத்துக்கு 4 மணி 12 நிமிடம் மூச்சு விடாமல் பாடவேண்டும். ஆகவே நினைவை நம்பிப் பயனில்லை, விதி வேண்டும்.

சார்ங்கதேவர் விதி தருகிறார். ஒரு வரிசையிலிருந்து அடுத்த வரிசையை எழுதுவது எப்படி? இடப்புறமிருந்து பார்த்துக்கொண்டே வாருங்கள். தனக்கு இடப்பக்கத்தில் தன்னைவிடத் தாழ்ந்த ஸ்வரம் ஒன்றை உடைய முதல் ஸ்வரத்தில் நில்லுங்கள். அதன் கீழே, இடப்பக்கத்தில் உள்ளவற்றுள் அதற்கு அடுத்துத் தாழ்ந்த ஸ்வரத்தை எழுதுங்கள். வலப்பக்கத்தில் இருப்பதை அப்படியே இறக்குங்கள். எஞ்சியவற்றை இடப்பக்கத்தில் இயல்பான ஏறு வரிசையில் நிரப்புங்கள். அவ்வளவே. ஸ ரி க என்று தொடங்கினால், அடுத்தது ரி ஸ க. பின்பு ஸ க ரி. க ஸ ரி. ரி க ஸ. க ரி ஸ. ஆறும் வந்துவிட்டன, எதுவும் மீளவில்லை. இந்த இடத்தில் நேயர்கள் ஒரு தாளை எடுத்து நான்கு ஸ்வரத்துக்கு 24 வரிசைகளையும் எழுதிப் பார்க்க வேண்டுகிறேன். கால்மணி நேரம் ஆகாது.

இதனோடு அவர் நின்றிருந்தால் நான் இவ்வளவு பேசமாட்டேன். பட்டியலை எழுதாமலே அதனை ஆளும் இரண்டு உபாயங்களையும் அவர் கூறினார். அவற்றுள் ஒன்று நஷ்டம். (தணிக்கைப் பெரியவர் இச்சொல்லைக் கேட்டுச் சற்றே திடுக்கிட்டார், இது வியாபார நஷ்டம் அன்று, காணாமற்போன வரிசை என்று பொருள்.) பதினேழாம் வரிசை அழிந்துபோயிற்று, அது என்ன என்று எண்ணை மட்டும் கொண்டு கண்டுபிடிப்பது நஷ்டம். மற்றொன்று உத்திஷ்டம். ஒரு வரிசையைப் பாடிக்காட்டினால், இது பட்டியலில் எத்தனையாவது என்று சொல்வது உத்திஷ்டம்.

பதினேழையே பார்ப்போம். ஸ ரி க ம என்னும் நான்கு. பதினேழில் ஒன்றைக் கழித்தால் 16. நான்காம் இடத்துக்கு மதிப்பு 6, மூன்றாம் இடத்துக்கு 2, இரண்டாம் இடத்துக்கு 1. பதினாறில் 6 இருமுறை போகும், மீதி 4. அதில் 2 இருமுறை போகும், மீதி இல்லை. இனிக் கடைசி இடத்திலிருந்து வருவோம். இருமுறை போயிற்றாதலால், மேலிருந்து இரண்டைத் தள்ளி மூன்றாவதை எடுக்கவேண்டும்: ம, க ஆகியவற்றை விட்டு ரி. எஞ்சியவை ஸ, க, ம. மறுபடியும் இரண்டைத் தள்ள ஸ. எஞ்சியவை க, ம. தள்ளுவதற்கு ஒன்றுமில்லை, மேலானதாகிய ம. கடைசியாக க. ஆகவே பதினேழாம் வரிசை க ம ஸ ரி. இதையே திருப்பிச் செய்தால் உத்திஷ்டம்: 12, 4, 0, அவற்றோடு 1, கூட்ட 17. இவ்வெண்களை எல்லாம் படிக்கட்டுப்போல் அமைந்த கட்டங்களில் எழுதி, கூழாங்கற்களை வைத்து நகர்த்திக் கணக்கிடும் கண்டமேரு என்னும் அமைப்பையும் சார்ங்கதேவர் விவரிக்கிறார். ஐரோப்பியர் இத்தகைய எண்முறையை எழுதிவைத்தது 19-ஆம் நூற்றாண்டில்.

தமிழருக்கு இம்மனப்பாங்கு புதிதன்று. நேர், நிரை என்னும் இரண்டைக்கொண்டு ஈரசைச் சீர் 4, மூவசைச் சீர் 8, நாலசைச் சீர் 16 என்று யாப்பிலக்கணத்தார் வரையறுத்ததும் பிரஸ்தாரமே. தஞ்சையில் 17-ஆம் நூற்றாண்டில் வேங்கடமகி அமைத்த 72 மேளங்களுக்குப் பின்வந்தோர் கடபயாதி முறையில் பெயர் சூட்டினார்களே, அதுவும் உத்திஷ்டத்தின் ஒரு சாயல்தான். மேசகல்யாணி என்றால் ‘ம’ ஐந்து, ‘ச’ ஆறு, திருப்பினால் 65. பெயரே முகவரி.

இங்கே கச்சேரியிலிருந்து கணிதத்துக்குத் தாண்டவேண்டும். குலம் என்றதும் சாதிப் பிரிவை நினைத்துவிட வேண்டாம். நம் பாடநூல்கள் இந்தக் கணிதப் பொருளுக்கு வைத்த பெயர் அது. சில செயல்களின் தொகுப்பு. அவற்றுள் எந்த இரண்டை அடுத்தடுத்துச் செய்தாலும் கிடைக்கும் விளைவு அத்தொகுப்பிலேயே உள்ள ஒரு செயலாக இருக்கும். ஒன்றும் செய்யாதிருப்பதும் ஒரு செயலாக எண்ணப்படும். எதைச் செய்தாலும் அதை மாற்றிப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் செயலும் உள்ளேயே இருக்கும். வாசலில் நான்கு பக்கமும் ஒத்த கோலம் ஒன்றைக் கற்பனை செய்யுங்கள். அதைக் கால் சுற்று, அரைச் சுற்று, முக்கால் சுற்று திருப்பலாம், திருப்பாமலும் இருக்கலாம். கோலம் மாறாது. இந்த நான்கு செயல்களும் ஒரு குலம். வீட்டுக் கூடத்தில் இரண்டு மின்விசைகள். முதலாவதைத் தட்டலாம், இரண்டாவதைத் தட்டலாம், இரண்டையும் தட்டலாம், சும்மாவும் இருக்கலாம். இதுவும் நான்கு உறுப்புடைய குலம்.

இவ்விரண்டும் ஒன்றா, வேறா? விசைகளில் எந்தச் செயலை இருமுறை செய்தாலும் பழைய நிலை வந்துவிடும். கோலத்தில் கால் சுற்றை இருமுறை செய்தால் அரைச் சுற்றே ஆகும். ஆகவே வேறு. ஆனால் கடிகாரத்தின் முள்ளைக் கால்மணி கால்மணியாக நகர்த்துவதையும் கோலத்தின் சுழற்சியையும் ஒப்பிட்டால், பெயரும் பொருளும் வேறாயினும் உள்ளமைப்பு ஒன்றே என்பது தெரியும். நான்கு உறுப்புடைய குலங்கள் இவ்வகையில் இரண்டே. ஆறு உறுப்புடையவை இரண்டு. எட்டு உறுப்புடையவை ஐந்து. உறுப்புகளின் எண்ணிக்கை பகா எண்ணாயின் ஒன்றே ஒன்று.

1832-இல் இருபது வயதில் துவந்த யுத்தத்தில் உயிரிழந்த பிரெஞ்சு இளைஞர் கால்வா, சமன்பாடுகளைத் தீர்க்கும் ஆராய்ச்சியில் குலம் என்ற கருத்தைக் கையாண்டார். அதைத் தனிப்பொருளாக வரையறுத்தவர் ஆங்கிலேயர் ஆர்தர் கேய்லி, ஆண்டு 1854. அப்போது அவர் இலண்டனில் வழக்கறிஞராகத் தொழில் நடத்தி வந்தார் என்பது ஒரு வேடிக்கை. தேவகிரியில் கணக்கர், இலண்டனில் வக்கீல்! எந்தக் குலத்தையும் வரிசைமாற்றங்களின் தொகுப்பாக எழுதிக் காட்டலாம் என்று கேய்லி கண்டார். ஸ ரி க என்னும் மூன்றை மாற்றும் ஆறு செயல்கள், ஆறு உறுப்புடைய குலங்கள் இரண்டனுள் ஒன்று என்பது இதனால் விளங்கும்.

அப்படியானால் குலக் கொள்கையைச் சார்ங்கதேவர் முன்பே கண்டுவிட்டார் என்று சொல்லலாமா? தணிக்கைப் பெரியவர் ஆவலோடு இதைக் கேட்டார். நம்மவர் கூட்டங்களில் இக்கேள்விக்கு ‘ஆம்’ என்று சொன்னால் கைதட்டல் கிடைக்கும். வெளியூரில் வாழ்பவருக்குத் தம் முன்னோர் பெருமையில் ஒரு தனிப் பசி இருப்பது இயற்கை. ஆயினும் விடை ‘இல்லை’ என்பதே. சார்ங்கதேவர் வரிசைகளை விரித்தார், எண்ணினார், ஒவ்வொன்றுக்கும் முகவரி தந்தார். ஒரு மாற்றத்தின்மேல் மற்றொரு மாற்றத்தைச் செய்தால் என்ன கிடைக்கும் என்று அவர் கேட்கவில்லை. அக்கேள்வியில்தான் குலம் பிறக்கிறது. கேளாத கேள்விக்கு அவர் விடை தந்தார் என்று கூறினால், அவர் கேட்ட கேள்வியின் அருமை மறைந்துபோகும். அவர் கேட்டது, பட்டியலை எழுதாமலே அதில் இடம் காண்பது எப்படி என்பது. இருபதாம் நூற்றாண்டின் குலக் கணிதம் வேறொரு வழியாக வந்து முட்டி நின்றதும் அதே கேள்வியில்தான்.

கேய்லிக்குப் பின் கையாலேயே பட்டியல்கள் வளர்ந்தன. 1893-இல் ஜெர்மானியர் ஹோல்டர், ஒரே பகா எண்ணின் மூன்றாம், நான்காம் அடுக்குகளுக்கும் வேறு சில வகை எண்களுக்கும் குலங்கள் எத்தனை என்று முழுமையாகத் தீர்த்தார். இடர் தந்தவை இரண்டின் அடுக்குகள். எட்டுக்கு 5, பதினாறுக்கு 14, முப்பத்திரண்டுக்கு 51, அறுபத்துநான்குக்கு 267. கடைசியாகச் சொன்னதை ஹால், சீனியர் என்னும் இருவர் 1964-இல் ஒரு பெரிய நூலாகவே வெளியிட்டார்கள். கையால் செய்யக்கூடியது ஏறத்தாழ அவ்வளவே.

இயந்திரங்கள் வந்தபின் என்ன ஆயிற்று? 1936-இல் டாட், காக்ஸெட்டர் என்போர் ஒரு முறையை வகுத்தார்கள். ஒரு குலத்தை ஆளும் சில விதிகளை மட்டும் தந்தால், அதிலிருந்து உறுப்புகளை ஒவ்வொன்றாக அட்டவணையில் எழுதிச்சென்று முடிவு காணும் முறை அது. 1953-இல் கேம்பிரிட்ஜின் எட்சாக் இயந்திரத்தில் ஹேஸல்குரோவ் அதை நிறைவேற்றினார். அதற்கு இரண்டாண்டு முன்பே, 1951-இல், மான்செஸ்டரில் கணிப்பொறி தொடங்கிவைக்கப்பட்டபோது கணித அறிஞர் மாக்ஸ் நியூமன், 256 உறுப்புடைய குலங்கள் எத்தனை என்று இயந்திரத்தைக்கொண்டு மதிப்பிடலாம் என்று யோசனை கூறினார். அதற்குச் சரியான விடை வர நாற்பது ஆண்டுகள் ஆயின.

அந்நாளில் நம் பம்பாயிலும் ஓர் இயந்திரம் உருவாகிக்கொண்டிருந்தது. 1945-இல் ஹோமி பாபா தொடங்கிய டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில், சென்னையிலிருந்து வந்த ஆர். நரசிம்மன் தலைமையில் இளைஞர்கள் சிலர் உள்நாட்டிலேயே ஒரு கணிப்பொறியைக் கட்டினார்கள். 1960-இல் அது இயங்கத் தொடங்கியது. 1962 ஜனவரியில் பிரதமர் நேரு அதற்கு ‘டிஃப்ராக்’ என்று பெயர் சூட்டினார். அதன் நினைவகத்தில் 2048 சொற்கள் அடங்கும். சொல் என்பது இங்கே ஓர் எண்ணை எழுதும் அறை. இந்த 2048 என்ற எண்ணை நேயர்கள் மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

அதே நிறுவனத்தின் கணிதப் பள்ளியை, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற கே. சந்திரசேகரன் 1949 முதல் 1965 வரை பேணி வளர்த்தார். 1953-இல் சென்னை லயோலாக் கல்லூரி மாணவர் இருவர் அங்கே வந்து சேர்ந்தார்கள். ஒருவர் காஞ்சிபுரத்தில் பிறந்த சி. எஸ். சேஷாத்ரி, மற்றவர் வட ஆற்காட்டுத் தண்டரை ஊரினராகிய எம். எஸ். நரசிம்மன். 1965-இல் வெளியான அவ்விருவர் தேற்றம் உலகப் புகழ் பெற்றது. அதிலும் ஒரு குலம் நடுநாயகமாக நிற்கிறது, ஆனால் அது முடிவிலாக் குலம். அது தனிக் கதை. பம்பாய்க் கணிதர்கள் அக்காலத்தில் முடிவுறு குலங்களைப் பட்டியலிடும் வேலையில் இறங்கவில்லை. அதைக் குறையாக நான் சொல்லவில்லை. எல்லாரும் எல்லாவற்றையும் செய்யவேண்டும் என்பதில்லை.

டிஃப்ராக்கின் 2048 அறைகளைக்கொண்டு பட்டியல் வேலையின் இடர்ப்பாட்டை அளக்கலாம். 1024 உறுப்புடைய ஒரே ஒரு குலத்துக்கு வாய்ப்பாடு எழுதவேண்டுமானால் 10,48,576 கட்டங்கள் வேண்டும். அந்த இயந்திரம் ஐந்நூறு இருந்தாலும் போதாது. ஆகவே வாய்ப்பாட்டை விட்டுவிட்டுச் சுருக்கெழுத்துக்குப் போனார்கள். அக்குலத்தைப் பத்து அடிப்படைச் செயல்களாலும், அவற்றை இணைக்கும் ஐம்பத்தைந்து விதிகளாலும் முழுமையாகச் சொல்லிவிடலாம். ஒவ்வொன்றையும் இருமுறை செய்தால் என்ன வரும் என்பதற்குப் பத்து விதிகள். இரண்டிரண்டாக எடுத்து முறைமாற்றிச் செய்தால் என்ன வேறுபாடு என்பதற்கு நாற்பத்தைந்து.

அதன்பின் வந்தது தலைமுறை முறை. பகா எண்ணின் அடுக்காகிய எண்ணிக்கையுடைய குலங்கள் யாவும், சிறிய குலங்களிலிருந்து சந்ததிபோல் கிளைப்பவை. தாய்க் குலத்துக்கு எத்தனை சேய்க் குலங்கள் உண்டு என்று விதிப்படி காணலாம். ஆஸ்திரேலியாவில் கான்பராவைச் சேர்ந்த மைக் நியூமன் (முன்சொன்ன நியூமன் வேறு, இவர் வேறு) 1977-இல் இதன் உருவத்தைக் காட்டினார். ஓப்ரையன் 1990-இல் அதைச் செம்மையாக்கினார். இம்முறையின் உயிர் எங்கே இருக்கிறது? சேய்களைப் பிறப்பிப்பது எளிது. பிறந்தவற்றுள் ஒன்றே வேறு வேறு உடையில் பலமுறை வந்து நிற்கும். அந்த இரட்டைகளை அடையாளம் கண்டு நீக்கவேண்டும். நீக்காவிட்டால் அடுத்த தலைமுறையில் பிழை பெருகும். ஆக்குவதும் அடையாளம் காண்பதும் இங்கே ஒன்றையொன்று பற்றிக்கொண்டு செல்கின்றன.

1990-இல் 128-க்கு 2328 என்றும், 1991-இல் 256-க்கு 56,092 என்றும் விடை வந்தது. 1999-இல் 512-க்கு 1,04,94,213. பின்பு பெஷெ, ஐக், ஓப்ரையன் மூவரும் 2000 உறுப்பு வரையுள்ள குலங்கள் எல்லாவற்றையும் தொகுக்கும் பணியை முடித்து 2001-ஐ ஒட்டி அறிவித்தார்கள். 1024 நீங்கலாக மற்றவை 42 கோடியே 31 இலட்சத்து 64 ஆயிரத்து 62. இவற்றைத் தொகுத்தே வைத்துவிட்டார்கள். 1024-க்கு மட்டும் எண்ணிக்கை சொன்னார்களேயன்றிப் பட்டியல் தரவில்லை. அவர்கள் சொன்ன எண் 4948 கோடியே 73 இலட்சத்து 65 ஆயிரத்து 422. இரண்டாயிரம் வரையுள்ள குலங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் இந்த ஒரே எண்ணிக்கையில் அடைபட்டுக் கிடக்கின்றன!

ஜெர்மனியின் ஆகன் நகரில் நொய்பூசரும் மாணவர்களும் 1986-இல் தொடங்கி யாவருக்கும் இலவசமாகத் தந்த ‘கேப்’ என்னும் கணிப்பொறித் தொகுதியில் இப்பட்டியல் இடம்பெற்றது. அதைப் பயன்படுத்தும் விதம்தான் தணிக்கைப் பெரியவரைத் துள்ளச் செய்தது. ‘6, 1’ என்று எண்களைத் தட்டினால், ஆறு உறுப்புடையவற்றுள் முதற் குலத்தை அது கொண்டுவந்து வைக்கும். அதுவே ஸ ரி க மூன்றையும் மாற்றும் குலம். மறுதலையாக, நாம் நான்கு ஸ்வரங்களை மாற்றும் குலத்தை எப்படி எழுதிக் கொடுத்தாலும், ‘24, 12’ என்று அதன் முகவரியைச் சொல்லும். முன்னது நஷ்டம், பின்னது உத்திஷ்டம். எழுநூற்று ஐம்பது ஆண்டுகளுக்கு அப்பால், ஒருவரையொருவர் அறியாத இரு கூட்டத்தார் பட்டியலை ஆள்வதற்கு ஒரே இரட்டைக் கருவியைச் செய்துகொண்டனர். முன்னோர் பெருமை வேண்டுவோர் இதை எடுத்துக்கொள்ளலாம். இது பொய்யில்லாத பெருமை. இதே டாட்டா நிறுவனத்தில் நெடுங்காலம் பணியாற்றிப் பின்பு சென்னைக்குச் சென்ற கணித அறிஞர் ஆர். ஸ்ரீதரன், ராஜா ஸ்ரீதரன், எம். டி. ஸ்ரீநிவாஸ் ஆகியோருடன் சேர்ந்து சங்கீத ரத்நாகரத்தின் இப்பகுதியை இக்காலக் கணித மொழியில் விளக்கி எழுதியதால்தான் என்போன்றோர் இதை எளிதில் கற்க முடிந்தது.

ஒரு வேறுபாட்டையும் சொல்லவேண்டும். சார்ங்கதேவருக்கு உத்திஷ்டம் நஷ்டத்தைப்போலவே எளிது. குலங்களுக்கு அப்படியில்லை. அத்தொகுப்பு வெளிவந்தபோது, 512 உறுப்புடைய குலங்களை எண் சொன்னால் எடுக்க முடிந்தது. குலத்தைக் கொடுத்து எண் கேட்டால் விடை தர வழி செய்யப்பட்டிருக்கவில்லை. உடையை வைத்து ஆளை அறிய முடியாது என்பதே இதன் காரணம். செம்பூரில் வேட்டியோடு பார்த்தவரை அலுவலகத்தில் காற்சட்டையோடு பார்த்தால் நாம் தடுமாறுவதில்லையா, அதுபோல.

ஒவ்வோர் உறுப்பையும் எத்தனை முறை செய்தால் பழைய நிலை வரும் என்று கணக்கெடுத்து ஒப்பிடலாமே என்று தோன்றும். செயல்களின் முன்பின் முறை எதுவானாலும் விளைவு மாறாத குலங்களுக்கு, அதாவது எபீலியன் குலங்களுக்கு, இது போதும். இத்துறையில் நம் நாட்டவர் பங்கு இருக்கிறது. டி. கவிதா 2007-இல் வெளியிட்ட கட்டுரையில், எந்தக் குலத்துக்கும் இந்தக் கணக்கெடுப்பை உறுப்புகளின் எண்ணிக்கைக்கு ஏற்ற விகிதத்திலேயே முடிக்கலாம் என்று காட்டினார். 1024 உறுப்பென்றால் வாய்ப்பாட்டில் பத்து இலட்சத்துக்குமேல் கட்டம் உண்டல்லவா? அதை முழுதும் படிக்காமலே, ஆயிரத்தின் சிறு மடங்கான அடிகளில் வேலை முடிகிறது. கணக்குப் புத்தகத்தை முழுதும் புரட்டாமல் ஒழுங்காகத் தணிக்கை செய்வதற்கு இது நிகர். கவிதா பின்னர் பணி ஏற்றது மும்பை டாட்டா நிறுவனத்திலேயே.

ஆனால் முன்பின் மாறினால் விளைவும் மாறும் குலங்களுக்கு இக்கணக்கெடுப்புப் போதாது. 27 உறுப்புடைய இரண்டு குலங்கள் உண்டு. இரண்டிலும் சும்மா இருத்தலைத் தவிர மற்ற 26 செயல்களையும் மும்முறை செய்தால் பழைய நிலை வரும். கணக்கு ஒன்றே; ஆள் வேறு.

சரி, இரண்டும் ஒன்று என்பவர் பொருத்தத்தை எழுதிக் காட்டிவிடலாம். வேறு என்பவர் எதைக் காட்டுவார்? ‘எல்லாப் பொருத்தங்களையும் முயன்றேன், ஒன்றும் அமையவில்லை’ என்பது சான்றாகாது. அதைச் சரிபார்ப்பவரும் எல்லாவற்றையும் முயலவேண்டும். 1962-இல் தொடங்கப்பெற்ற சென்னைத் தரமணிக் கணித அறிவியல் நிறுவனத்தின் வி. அரவிந்த், ஜெர்மனியின் ஜாகோபோ தோரானுடன் 2004-இல் இதை ஆராய்ந்தார். படிப்படியாக எபீலியன் குலங்களாகப் பிரிக்கத்தக்க குலங்களைப் பொறுத்தவரை, ‘வேறு’ என்பதற்கும் ஏறத்தாழச் சுருக்கமான சான்று தரக்கூடும் என்பது அவர்கள் கண்ட முடிவு. 1024 உறுப்புடைய குலங்கள் யாவும் அவ்வகையைச் சேர்ந்தவை. 2021-இல் டீட்ரிக், வில்சன் என்போர், பெரும்பாலான எண்ணிக்கைகளுக்கு ஒப்பீடு மிக விரைவில் முடியும் என்று நிறுவினார்கள். எஞ்சிய சிறுபான்மையில்தான் இரண்டின் அடுக்குகள் உட்கார்ந்திருக்கின்றன.

தணிக்கைப் பெரியவர் கடைசியாகக் கேட்டது: “அந்த 4948 கோடியைத் திரும்ப யாராவது சரிபார்த்தார்களா?” தொழில் புத்தி! சரிபார்த்தார்கள். டேவிட் பரெல் என்பவர் 2021-இல் கணக்கை மீண்டும் போட்டார். சரியான விடை 4948 கோடியே 73 இலட்சத்து 67 ஆயிரத்து 289. இருபது ஆண்டுகளாக உலகம் மேற்கோள் காட்டிவந்த எண்ணில் 1867 குலங்கள் விடுபட்டிருந்தன. பெரியவர் சிறிது நேரம் பேசவில்லை. “ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தேழு நஷ்டம்,” என்றார் பிறகு.

அப்பொழுது தனி ஆவர்த்தனம் தொடங்கிவிட்டது. 2048 பற்றி அவரிடம் சொல்ல நேரமில்லை. டிஃப்ராக்கின் அறைகளின் எண்ணிக்கையாகிய அந்த 2048 உறுப்புடைய குலங்கள் எத்தனை என்பதற்கு இன்றுவரை சரியான விடை எவரிடமும் இல்லை. அவற்றுள் ஒரே ஒரு வகையினவற்றை மட்டும் எண்ணியிருக்கிறார்கள். அதுவே 1,774 இலட்சம் கோடியைத் தாண்டுகிறது.